மறுதலித்தவர்களின் சரித்திரம்

குன்றாண்டார்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குடவரைக் கோயில் ஞாபகம் வரும். சக்கரமும் குதிரையும் வைத்துத் தேர் மாதிரி செதுக்கிய நூற்றுக்கால் மண்டபம் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது எங்கள் வீட்டுச் சுவர். அந்த ஒன்றியத்தில் ஒரு சேரி. மண்சுவர், கீற்றுக் கூரை, ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு. 1989-ல் பத்தாவது முடித்திருந்தேன். மேலே படிக்கவும் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். மனுக் கொடுத்திருந்தோம். ஆர்.ஐ. விசாரணைக்கு வருகிறார் என்று முதல்நாள் சாயங்காலமே தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்னிக்கு ராத்திரி எங்கம்மா சுவத்துல மாட்டியிருந்த இருதய ஆண்டவர் படத்தைக் கழட்டி, பழஞ்சேலையில சுத்தி, நெல்லுப் பானைக்குள்ள வச்சு மூடுச்சு. செபமாலையும் அதே பானைக்குள்ள போச்சு.

மறுநாள் வந்தவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். அடுப்புப் புகை பிடித்துச் சுவர் பூராவும் கருத்துக் கிடந்தது. படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக, வெள்ளையாக இருந்தது.

“ஏம்மா, அங்கன என்ன மாட்டியிருந்தீக?”

“காலண்டருங்க சாமி.”

“என்ன காலண்டரு?”

அம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டு போனார். ஒரு சேவலும் கொஞ்சம் பணமும் கைமாறிய பிறகு ‘இந்து’ என்று போட்டுச் சான்றிதழ் வந்தது. படம் ரெண்டு மாசத்துக்குப் பானையிலேயே கிடந்தது. வெளியே எடுத்தபோது ஆண்டவர் முகத்தில் நெல்லுத்தூசி.

இதைத் துன்புறுத்தல் என்று சொல்லலாமா? யாரும் யாரையும் அடிக்கவில்லை. சர்ச்சை இடிக்கவில்லை. 1999-ல் ஒரிசாவில் கிரஹாம் ஸ்டெயின்சையும் இரண்டு பிள்ளைகளையும் ஜீப்புக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, அதையும் எங்கள் வீட்டுச் சுவரையும் ஒரே தராசில் வைக்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேள்வி போகவில்லை. தமிழில் கிறித்தவர்கள் பட்ட துன்பத்தை எழுதியவர்கள் எதைத் துன்பம் என்று எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று தேடிப் போனால், அந்த வெள்ளைச் சதுரத்தை முதலில் எழுதியது திருச்சபை இல்லை, ஒரு தலித் நாவல் என்ற இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’. அதற்குப் போகும் முன் திருச்சபையின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

தமிழ்க் கிறித்தவத்தில் துன்பத்துக்கென்று ஒரு நிரந்தர உருவம் உண்டு. வேதசாட்சி. அம்மானை, கும்மி, வாசாப்பு, நாடகம், நவநாள் செபப் புத்தகம் என்று எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். ஒரு ராஜா கோபப்படுவார். ஒரு புனிதர் அசைய மாட்டார். தலை உருளும். மண் சிவக்கும். எங்கள் பக்கத்தில் இந்தக் கதைக்கு அருளானந்தர் என்று பேர். போர்ச்சுகலில் பிறந்த ஜான் டி பிரிட்டோ. 1686-ல் மங்கலத்தில் உபதேசியார்களோடு பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டவர். மறவ நாட்டுக்குள் வராதே என்று விரட்டியும் திரும்பி வந்தவர். தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்ற மனைவிகளை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். 1693 பிப்ரவரி 4-ந் தேதி ஓரியூரில் பிரிட்டோவை வெட்டினார்கள். 1947-ல் ரோம் அவரைப் புனிதராக்கியது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பங்கில் திருவிழாவுக்கு அருளானந்தர் நாடகம் போட்டார்கள். சேதுபதி வேஷம் ஊர்த்தெருவுக்கு. தடியத்தேவர் வேஷம் ஊர்த்தெருவுக்கு. அருளானந்தரும் அவர்களேதான். எங்கள் தெருவுக்கு வெட்டுகிறவன் வேஷம் கொடுத்தார்கள். மேளம் நாங்கள் அடித்தோம். மங்கலத்தில் பிரிட்டோவோடு சேர்த்துக் கட்டி அடிக்கப்பட்ட உபதேசியார்கள் மேடையில் வந்தார்கள், வரிசையாக நின்றார்கள், போனார்கள். வசனம் இல்லை. பிரிட்டோ பண்டாரச் சாமியாக வாழ்ந்தவர். மதுரை மிஷனில் பிராமண சந்நியாசி வேஷம் போட்ட சாமியார்கள் தீண்டக்கூடாது என்று ஒதுக்கி வைத்த சனங்களிடம் போகத்தானே பண்டாரச் சாமி என்ற ஏற்பாடே வந்தது? அந்தச் சனங்கள் நாடகத்துக்குள் எங்கே போனார்கள்? கொட்டகைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது நாடகம் போட்டவர்களின் குறை மட்டும் இல்லை. வேதசாட்சிக் கதையின் கட்டமைப்பே அப்படித்தான். ராஜா எதிரியாக இருந்தால்தான் அதற்குக் கதை. எதிரி உள்ளே இருந்தால், அதாவது கோயிலுக்குள்ளேயே நடுவில் சுவர் எழுப்பி உட்கார்ந்திருந்தால், அந்தக் கதைக்கு வாய் அடைத்துப் போகும்.

எங்கள் பக்கத்து ஆவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு சேசுசபைச் சாமியார் புஷே அங்கே கோயில் கட்டினார். வீரமாமுனிவர் பூசை வைத்த இடம் என்று இன்றைக்கும் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். அதே புஷேயின் இன்னொரு கதை திருவிழா மலர்களில் வருவதில்லை. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-ல் ஓர் ஆணை போட்டார். அதில் பல பிரிவுகள். ஒன்று, சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் சாமியார்கள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது. சேசுசபையார் முடியாது என்றார்கள். மேல்சாதிக்காரர்கள் வேதத்தை விட்டுப் போய்விடுவார்களாம். அந்த ஆணைக்கு எதிராக வாதாட ரோமுக்குப் போனவர்களில் ஆவூர்ப் புஷேயும் ஒருவர். வழக்கு நாற்பது வருஷம் இழுத்து, 1744-ல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் காலத்தில் ஒரு சமரசம் ஆனது. பறையருக்கென்று தனியாகச் சாமியார்கள். தனிப்பந்தி, தனிக் கல்லறையைப் போலத் தனிக் குரு.

நாற்பது வருஷத்தில் எத்தனை குடிசையில் எத்தனை பேர் அவஸ்தை பூசுதல் இல்லாமல் செத்திருப்பார்கள்? தேவசகாயம் 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டவர். தாழ்ந்த சாதிகளோடு ஒன்றாக உட்கார்ந்து பழகியதும் அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். அவரையே இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ‘தேவசகாயம் பிள்ளை’ என்றுதானே கும்பிட்டார்கள்? 2022-ல் புனிதர் பட்டம் கொடுக்கும் தறுவாயில்தான் அந்தப் பிள்ளையைக் கழற்றினார்கள். புனிதருக்கே அந்தக் கதி.

சரி, வாளால் வந்த துன்பம் போகட்டும். காகிதத்தால் வந்த துன்பத்தைத் திருச்சபைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ரோமாபுரிப் பேரரசன் தேசியுஸ் கி.பி. 250 வாக்கில் ஒரு கட்டளை போட்டான். பேரரசில் உள்ளவர்கள் நாட்டுத் தெய்வங்களுக்குப் பலி செலுத்தவேண்டும். சாம்பிராணி போட வேண்டும். பலிக்கறியை வாயில் வைக்க வேண்டும். அதை அதிகாரிகள் பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் கையில் இல்லாவிட்டால் சிறை, சொத்துப் பறிமுதல், சாவு. எகிப்து மணலுக்குள் புதைந்து கிடந்த அந்தச் சான்றிதழ்களில் சில 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கிடைத்திருக்கின்றன. இன்னாருடைய மகன், இன்ன ஊர், நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்தே வந்திருக்கிறேன் என்று எழுதி, கீழே அதிகாரி கையெழுத்து. நம்ம தாலுகா ஆபீஸ் படிவம் மாதிரியே இருக்கும்.

அன்றைக்கும் ஒரு கூட்டம் பலி கொடுக்காமலேயே காசு கொடுத்து அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டது. திருச்சபை அவர்களுக்கென்றே ஒரு பேர் வைத்தது: லிபெல்லாத்திசி, அதாவது சான்றிதழ்க்காரர்கள். கலகம் அடங்கியதும் இவர்களைத் திரும்பச் சேர்ப்பதா, எத்தனை நாள் தவம் விதிப்பது என்று கார்த்தேஜில் பெரிய சர்ச்சை. முடிவு சொன்ன ஆயர் சிப்ரியான், கலகத்தின்போது தானே ஒளிந்திருந்தவர்! பின்னால் 258-ல் அவரும் வேதசாட்சியாக வெட்டுப்பட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சாமியார்கள் கோபிப்பார்கள்.

ஆக, மதத்தை மறைத்துக் காகிதம் வாங்குவது துன்புறுத்தலின் விளைவு என்று 1700 வருஷத்துக்கு முன்பே திருச்சபை ஒத்துக்கொண்டிருக்கிறது. கார்த்தேஜ்காரர்களுக்கு அது பொருந்தும். குன்றாண்டார்கோவில் பறைச்சிக்கு மட்டும் பொருந்தாதா? எங்கம்மா பாவசங்கீர்த்தனத்தில் படத்தைப் பானைக்குள் வைத்ததைச் சொல்லியது. சாமியார் விசுவாசக் குறைச்சல் என்று சொல்லி ஐம்பத்து மூணு மணி செபமாலை அபராதம் போட்டார்.

எங்கள் தேசியுஸ் யார்? வெள்ளைக்காரன் தொடங்கி வைத்தான். 1936-ல் தாழ்த்தப்பட்ட சாதிகளுக்கு அட்டவணை போட்ட ஆணையிலேயே, இந்தியக் கிறித்தவர் எவரும் அட்டவணைச் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று எழுதினான். அரசியல் சட்டம் வந்த கையோடு 1950 ஆகஸ்ட் 10-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைக் கைக்கொள்பவர் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரை உள்ளே விட்டார்கள். 1990-ல், எங்கள் வீட்டுச் சுவரை ஆர்.ஐ. எட்டிப் பார்த்த அடுத்த வருஷம், பௌத்தரை உள்ளே விட்டார்கள். இரண்டும் நியாயம்தான். கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் கிறித்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். நம்மைத் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்கவிடாதவரும் நாமும் ஒரே பட்டியலில்! தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதிப் பேர் சொல்லி அடித்தால் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. அடிக்கிறவன் வேதமா இந்துவா என்று கேட்டுவிட்டா அடிக்கிறான்?

2008 மார்ச்சில் எறையூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்காக வன்னியக் கிறித்தவர்கள் வீடு புகுந்து அடித்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். சவ ஊர்வலம் எந்தப் பாதையில் போவது, கல்லறை எந்தப் பக்கம் என்பதுதான் அங்கே பல வருஷத்துப் பிரச்சினை. சாதி அங்கே ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

நீதிமன்றம் சொன்னது. சூசை என்பவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. சூசைக்குக் கிடையாது, ஏனென்றால் கிறித்தவர். உச்சநீதிமன்றம் வரை போனார். 1985-ல் தீர்ப்பு. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாதாம். பழைய மதத்தில் இருந்த இழிவும் இயலாமையும் புது மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்கவேண்டுமாம். அதற்கான ஆதாரம் எங்கள்முன் இல்லை என்று தள்ளுபடி செய்தார்கள். செருப்புத் தைக்கிறவன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பது ஆதாரம் இல்லை!

அந்த ஆதாரம் பிறகு வந்தது. வழக்கறிஞர் கொண்டுவரவில்லை. 1992-ல் பாமாவின் ‘கருக்கு’. சில கன்னியர் சபைகளில் தாழ்த்தப்பட்ட பெண்களைச் சேர்ப்பதே இல்லை என்று துறவு மடத்தின் உள்ளிருந்து வந்த சாட்சியம். 1994-ல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. ஆரோக்கியம் என்று வேதப் பேர் வைத்துக்கொண்டு பறையர் தெருவின் அழுக்கெடுக்கும் வண்ணாத்தியின் கதை. அந்த நாவலைப் பற்றி நம்மிடையே பெரிய சண்டை நடந்தது. தலித் தலித்தை ஒடுக்குவதாக எழுதுகிறார் என்று வைதோம். அந்தச் சண்டையில் ஒரு விஷயம் அடிபட்டுப்போனது. ஆரோக்கியத்தின் வீட்டில் சூசையப்பர் இருக்கிறார், அந்தோனியார் இருக்கிறார், ஆனால் எதுவும் மாறவில்லை. உச்சநீதிமன்றம் கேட்ட அதே கடுமை அந்தப் பக்கங்களில் இருக்கிறது. நாமும் அதை அப்படிப் படிக்கவில்லை என்பதுதான் குறை.

இனி சிலுவைராஜ். நாவல் வெளிவந்தது 2002-ல், தமிழினி வெளியீடு. ராஜ் கௌதமனும் பாமாவும் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தங்கை. ஆனால் கருக்கின் குரல் வேறு, இதன் குரல் வேறு. பாமா அழுவார், கோபப்படுவார், நேராக நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார். ராஜ் கௌதமன் சிரிக்கிறார், அதுவும் தன்னையே பார்த்து. கத்தோலிக்கப் பறையர் வீட்டுப் பையன் சிலுவை கிராமத்தில் ஊர் சுற்றுகிறான், அப்பாவிடம் அடி வாங்குகிறான், போர்டிங்கில் வளர்கிறான், கல்லூரிக்குப் போகிறான், வேலையில்லாமல் அலைகிறான். கதை என்று கட்டி இழுத்த கயிறு எதுவும் கிடையாது. சில இடங்களில் இழுவைதான். நண்பர்கள் கூட்டமும் அரட்டையும் அளவுக்கு மீறிப் போகிற பக்கங்களை நானும் புரட்டித் தள்ளியிருக்கிறேன். பெண்கள் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிறார்கள். கருக்கு படித்துவிட்டு வந்தால் அந்தக் குறை கண்ணில் குத்தும்.

ஆனால் ‘சரித்திரம்’ என்ற தலைப்பைக் கவனியுங்கள். தமிழ் நாவல் பிறந்ததே ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்ற பேரோடு. அந்த முதலியாருக்குப் பதிலாக இந்தச் சிலுவை என்கிற கேலி எல்லாருக்கும் புரியும். எனக்கு இன்னொன்றும் கேட்கிறது. கோயிலில் வாசிப்பார்களே, அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரம், அந்தச் சரித்திரம். அதில் வருகிறவர் பாலபருவத்திலேயே பக்தியில் சிறந்து விளங்குவார். சோதனை வரும், ஆசை காட்டுவார்கள், பயம் காட்டுவார்கள், மறுதலிக்க மாட்டார். சிலுவையின் சரித்திரம் அதை ஒவ்வொரு கட்டமாகத் தலைகீழாக்குகிறது. பக்தி இருக்க வேண்டிய இடத்தில் பசி, அற்புதம் இருக்க வேண்டிய இடத்தில் அடி. கடைசியில் வாள் இல்லை, வேலைவாய்ப்பு. கிறித்தவனாக இருந்தால் சலுகை இல்லை, சலுகை இல்லாவிட்டால் வேலை இல்லை. சிலுவை இந்துவாக மாறுகிறான்.

இந்த முடிவை விசுவாசத் துரோகம் என்று பேசிய கிறித்தவ நண்பர்களை எனக்குத் தெரியும். பிழைப்புவாதம் என்று பேசிய இயக்கத் தோழர்களையும் தெரியும். இரண்டு பேருமே நாவலாசிரியர் அந்த இடத்தில் எதைச் செய்யவில்லை என்று பார்க்கவில்லை. அவர் சிலுவையைத் தியாகி ஆக்கவில்லை. குற்றவாளியும் ஆக்கவில்லை. புது மதம் வந்ததால் அவன் மனசில் புது வெளிச்சம் எதுவும் அடிக்கவில்லை. பழைய மதம் போனதற்கு ஒப்பாரியும் இல்லை. ஆபீசில் ஒரு காகிதத்தை மாற்றுகிற சலிப்புதான் இருக்கிறது. மதம் மாறுவதை இப்படி எழுத ஒரு தலித்துக்குத்தான் முடியும். நமக்கு மதம் என்பது எப்போதும் சர்க்காரின் ஒரு கட்டம். அதில் எதை நிரப்பினால் சோறு என்று நாம் கணக்குப் போட வேண்டும். பேதுரு சேவல் கூவும் முன் மூணு தடவைதான் மறுதலித்தார். நாங்க பள்ளிக்கூடத்துல ஒருக்கா, காலேஜுல ஒருக்கா, எம்ப்ளாய்மெண்டுல ஒருக்கா, வேலையில சேரும்போது ஒருக்கா. பேதுரு முதல் போப் ஆனார். எங்களுக்குக் கிளார்க் வேலை கிடைத்தால் பெரிசு.

நாவல் வந்த அதே 2002-ன் அக்டோபர் 5-ல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மாதக் கடைசியிலேயே சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஒரிசா 1967-லும் மத்தியப் பிரதேசம் 1968-லும் போட்ட சட்டங்களின் வழியில் வந்தது இது. அந்த இரண்டையும் 1977-ல் உச்சநீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை என்பது மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று சொல்லிச் செல்லும் என்றது. தமிழ்நாட்டுச் சட்டத்தை நாம் ஓர் இலக்கியப் பிரதியாகவே வாசிக்கலாம். அவ்வளவு பேசுகிறது.

பலவந்தம், ஆசை காட்டுதல், மோசடி ஆகிய மூன்று வழிகளில் மதம் மாற்றினால் குற்றம். பலவந்தம் என்பதற்குள் தெய்வத்தின் கோபத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதும் அடக்கம். நரகம் உண்டு என்று பிரசங்கம் வைத்தாலே கேஸ் என்று அர்த்தம். ஆசை காட்டுதல் என்பதற்குள் பணம், பொருள், வேறு எந்த வகையான ஆதாயமும் அடக்கம். தண்டனை மூன்று வருஷம், 50,000 ரூபாய். ஆனால் மாற்றப்பட்டவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, தாழ்த்தப்பட்டவர் அல்லது பழங்குடியாகவோ இருந்தால் நான்கு வருஷம், ஒரு லட்சம் ரூபாய். சடங்கு செய்து வைத்தவர் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், தவறினால் அதற்கும் சிறை.

இந்தப் பிரதியைக் கட்டுடைக்கப் பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம். முதலாவது, நமக்கு எத்தனை வயசானாலும் சிறுபிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைத்திருக்கிறது. அறுபது வயசுப் பறையன் தன் கடவுளைத் தானே தேர்ந்தெடுத்தான் என்று சொன்னால் சட்டம் நம்பாது, யாரோ மிட்டாய் கொடுத்திருப்பார்கள் என்று தேடும். 1981-ல் மீனாட்சிபுரத்தில் பள்ளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களாக இசுலாத்துக்குப் போனபோது ‘அரபுநாட்டுப் பணம்’ என்று கத்தினார்களே, அதே மூளைதான். இரண்டாவது, ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுகிற நொடிவரை நான் தாழ்த்தப்பட்டவன். அதனால் சாமியாருக்கு ஒரு வருஷம் கூடுதல் தண்டனை. தண்ணீர் விழுந்த மறுநொடி 1950 ஆணைப்படி நான் தாழ்த்தப்பட்டவன் இல்லை. என்னைக் காப்பாற்ற வந்த சட்டம் என்னைக் காப்பாற்றாமலேயே கைகழுவிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆதாயம் காட்டி ஒருவரை ஒரு மதத்துக்கு இழுப்பது குற்றம் என்றால், முதல் குற்றவாளி யார்? மிஷனரி கொடுத்தது பால்பவுடரும் கோதுமையும். அரசு காட்டுவது உதவித்தொகை, வேலை, தனித்தொகுதி, வழக்குப் போடும் உரிமை. ‘இந்து’ என்று எழுது, எல்லாம் உண்டு. எழுதாதே, எதுவும் இல்லை. சிலுவைராஜை மதம் மாற்றிய பாதிரி அரசாங்கம்தான். நாவலின் கடைசிப் பகுதியையும் சட்டத்தின் இரண்டாம் பிரிவையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே வருஷத்தில் ஒரே மாநிலத்தில் ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்ல வந்த மாதிரி இருக்கும். 2021-ல் உத்தரப் பிரதேசம் போட்ட சட்டத்தில், முன்பு இருந்த மதத்துக்கே திரும்பிப் போனால் அது மதமாற்றமே ஆகாது என்று வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தில் அப்படி எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை, 1950-லிருந்து நடைமுறை அதுதானே.

2002-ல் திருச்சபை பொங்கி எழுந்தது உண்மை. பள்ளிகளை ஒருநாள் மூடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், ஊர்வலம் போனார்கள். நானும் திருச்சியில் வெயிலில் நின்றேன். மேடையில் பேசியவர்கள் பிரிட்டோவைச் சொன்னார்கள், சிறுபான்மை நிறுவனங்களின் உரிமையைச் சொன்னார்கள். நான் நின்ற அன்றைக்குச் சூசை பேரை யாரும் சொல்லவில்லை. 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓர் இடம்கூட ஜெயிக்காமல் போனதும் சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வெடி போட்டார்கள். நன்றித் திருப்பலி வைத்தார்கள். மூன்றாம் பத்திக்கு அன்றைக்கு 54 வயசு. அது அப்படியே இருந்தது, இப்போதும் இருக்கிறது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அதை நீக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. 2022-ல் பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்து மறுபடியும் ஆராயச் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு தில்லிக்கு அனுப்பியது.

காகிதத்துக்கும் நெருப்புக்கும் தூரம் அதிகம் இல்லை என்று கந்தமால் காட்டியது. 2007 கிறிஸ்துமசிலும் 2008 ஆகஸ்டுக்குப் பிறகும் அங்கே எரிந்த வீடுகளில் மிகப்பல பாணா சாதித் தலித் கிறித்தவர்களுடையவை. கிறித்தவரானதால் பட்டியல் சாதிச் சலுகை போனவர்கள், பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்டிருந்தார்கள். அந்தக் கோரிக்கையைக் காட்டியே பழங்குடி மக்களை அவர்கள்மேல் ஏவிவிட்டார்கள்.

2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரிப் பெண் ஒருவர், குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்றவர், வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். கோயிலுக்குப் போய் வருகிறவர் இந்து என்று சொல்லிக்கொள்ள முடியாது என்றார்கள். நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின்மீது செய்யும் மோசடி என்றார்கள். சிலுவைராஜின் சலிப்புக்கு இப்போது மோசடி என்று பேர். கவனிக்க வேண்டியது, இந்த வழக்கில் நிற்பது ஒரு பெண். நாவலில் ஓரத்தில் நின்ற பெண்கள்தான் நிஜத்தில் பானைக்குள் படத்தை வைத்தவர்கள், விசாரணைக்கு வாசலில் நின்றவர்கள், பாவசங்கீர்த்தனத்தில் அபராதம் வாங்கியவர்கள். ஆண்பிள்ளை ஒருதடவை மாறிவிட்டு வேலைக்குப் போய்விடுவான். வீட்டில் இருக்கிறவள் பொட்டு வைத்து ஆபீசுக்குப் போக வேண்டும், பொட்டை அழித்துப் பூசைக்குப் போக வேண்டும். அந்தச் சரித்திரத்தை இன்னும் யாரும் எழுதவில்லை. ராஜ் கௌதமன் 2024-ல், அந்தத் தீர்ப்பு வந்த அதே நவம்பரில், நம்மை விட்டுப் போய்விட்டார். எழுதினால் ஒரு பெண்தான் எழுத வேண்டும்.

எங்கம்மா சில வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனது. கோயில் ரெஜிஸ்டரில் மரியம்மாள், ரேஷன் கார்டில் மாரியாயி. சாமியார் மரியம்மாளைப் பூசை வைத்து அடக்கம் பண்ணினார். நகராட்சிக்காரர்கள் மாரியாயி செத்ததாகச் சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா பேரில் தபாலாபீசில் கொஞ்சம் பணம் கிடந்தது. எந்தக் காலத்திலோ கணக்குத் திறந்தபோது வேதப் பேரையே சொல்லிவிட்டிருக்கிறது. பணத்தை எடுக்க, மரியம்மாளும் மாரியாயியும் ஒருவரே என்று பத்திரத்தில் உறுதிமொழி எழுதி வரச் சொன்னார்கள். நோட்டரி வக்கீல் டைப் அடித்துக்கொண்டே கேட்டார், “மதம்னு ஒரு வரி வருதே தம்பி, இதுல அம்மாவுக்கு என்னன்னு போட?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் அரசு வேலையில் இருக்கிறான், ஓய்வுபெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.

“அந்த வரிய விட்டுட்டு அடிங்க சார்” என்றேன்.

“விட்டா வாங்க மாட்டாங்களே” என்றார் அவர்.